பரங்கிமலைக்குப் போகும் முன் பதினாறு வாரங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் ஒரு முறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்துப் பெண், வயது 23, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தில் பரிந்துரை கிடைத்து, மருத்துவத் தேர்வும் முடிந்துவிட்டது. தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் அக்டோபரில் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் சேர வேண்டும். 2.4 கிலோமீட்டர் ஓட இப்போது 16 நிமிடம் ஆகிறது, தண்டால் ஆறு, பார் (கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை அதற்கு மேலே வரும்வரை உடம்பை இழுப்பது) ஒன்றுகூட ஏறவில்லை, ஊரில் ஜிம் கிடையாது. மீதமிருக்கும் பதினாறு வாரமும் தினந்தோறும் இன்டர்வல் ஓட்டமும் (வேகமாக ஓடி, சற்று இளைப்பாறி, திரும்பவும் ஓடுவது), கருவி இல்லாமல் செய்யும் உடற்பயிற்சிகளும் போதுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள் எனக்குக் கேட்டது வேறொரு கேள்வி: இந்த நான்கு மாதத்தில் உடம்பை எவ்வளவு முடுக்கலாம், எந்த இடத்தில் முடுக்கினால் அது முறியும்?

நான் இராணுவத்தில் உடற்பயிற்சி உஸ்தாதாக, அதாவது பயிற்றுநராக, பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஓய்வு பெற்றபின் உச்சிப்புளிப் பக்கம், படைத் தேர்வுகளுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலை வேளையில் பயிற்சி கொடுத்துவருகிறேன். மருத்துவன் அல்லன். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் ஆண்களுக்குக் கொடுத்ததைவிட எனக்குக் குறைவு என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

கருவி இல்லாத பயிற்சிகள் போதும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்டர்வல் ஓட்டத்தைத் தினமும் ஓடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள்தான், அதுவும் ஐந்தாம் வாரத்திலிருந்துதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வந்த புதிதில் துடிப்பான ஒரு பையனுக்கு வாரம் நான்கு நாள் வேக ஓட்டம் கொடுத்தேன். ஆறாவது வாரத்தில் அவனுடைய நேரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஏழாவது வாரத்தில் இடது முன்கால் எலும்பில் விரிசல் விழுந்து, தேர்வுக்கே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தான். அவன் ஒரு மாதமாகக் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தும் நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். தவறு முழுவதும் என்னுடையது.

இதன் காரணம் எலும்பு வளரும் விதத்தில் இருக்கிறது. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் மூச்சு நன்றாகவே தேறிவிடும். எலும்போ புதிய சுமையைக் கண்டதும் முதலில் தன்னிலிருந்து கொஞ்சத்தைக் கரைத்துவிட்டு, அதன் பிறகே அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. அந்த வேலை முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஆகவே தொடக்க வாரங்களில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்று நலிந்தே இருக்கும், அதே வாரங்களில் மூச்சு தேறிவிடுவதால் இன்னும் ஓடலாம் என்ற தெம்பும் நமக்கு வந்துவிடும். அகாதெமியில் காயம்பட்டுப் பயிற்சி நாட்களை இழப்பவர்கள் அடுத்த பருவத்துக்குத் தள்ளப்படுவதுண்டு. அவர்களில் மூச்சு போதாமல் நின்றவர்களைவிட முன்காலும் முழங்காலும் கைவிட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எட்ட வேண்டிய அளவு எது என்பதையும் பார்த்துவிடுவோம். அகாதெமிக்கான சேர்க்கை அறிவிக்கைகளில் பெண்களுக்கு 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓடுவதும், தண்டால் 15, பார் 2, சிட்-அப் 25 என்பதும் கேட்கப்படுகின்றன. ஆண்களுக்கு 10 நிமிடம் 30 வினாடி, தண்டால் 40, பார் 6, சிட்-அப் 30. உங்கள் கைக்கு வரும் சேர்க்கை ஆணையில் எண் மாறியிருந்தால் அதையே கொள்ளுங்கள். இவை வாசலைத் தாண்டுவதற்கான அளவு மட்டுமே. உள்ளே 49 வாரம் இருக்கிறது. துப்பாக்கியும் சுமையும் தாங்கி 5 கிலோமீட்டர் ஓடுவது, செங்குத்துக் கயிற்றில் ஏறுவது, கிடைக்கயிற்றில் தொங்கிப் போவது, 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவது ஆகியவையெல்லாம் இராணுவத்தின் போர்த்திறன் உடற்தேர்வில் வருகின்றன. 13 நிமிடம் என்பது 400 மீட்டருக்கு 2 நிமிடம் 10 வினாடி. உங்கள் இன்றைய வேகம் 400 மீட்டருக்கு 2 நிமிடம் 40 வினாடி. அந்த அரை நிமிடத்தைப் பதினாறு வாரத்தில் குறைக்க முடியும், இதைவிட அதிகம் குறைத்தவர்கள் என்னிடமே இருந்திருக்கிறார்கள்.

முதல் நான்கு வாரத்துக்கு வேகத்தை மறந்துவிடுங்கள். வாரம் நான்கு நாள், ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிகிற வேகத்தில், 20 நிமிடத்தில் தொடங்கி 35 நிமிடம் வரை ஓடுங்கள். மூச்சு வாங்கினால் நடந்துவிட்டுத் திரும்ப ஓடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஓடி முடித்தபின் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், 15 வினாடி விரைந்து ஓடி ஒரு நிமிடம் நடப்பதை ஐந்து முறை செய்யலாம். கால் விரைவாகப் பழகுவதற்கு அது போதும். இந்த நான்கு வாரம் சலிப்பூட்டும், எந்த முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியாது. எலும்புக்கு இந்த அவகாசம் தேவை என்பதால்தான் வற்புறுத்துகிறேன்.

எங்கே ஓடுவது என்பது நம் கரையில் உண்மையான சிக்கல். கடற்கரை இருக்கும்போது என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உங்கள் பக்கத்துப் பாக் நீரிணைக் கரை குறுகியது, பல இடங்களில் சேறு. பொதபொத மணலில் ஓடுவதற்குத் திடமான தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். அது நல்ல உழைப்புத்தான், ஆனால் குதிகால் தசைநாணையும் கெண்டைக்காலையும் இழுக்கும், வேகத்தைப் பழக்காது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரமான இறுகிய மணல் நல்லது. கரை சரிவாக இருக்கும் என்பதால் போன வழியிலேயே திரும்பி வந்தால்தான் இரு காலுக்கும் சுமை சமமாகும். என் கணக்கில் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஓடுதளம் கண்மாய்க் கரைதான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் உங்கள் பகுதியில்தான் இருக்கிறது. சிறிய கண்மாய் ஊர்தோறும் உண்டு. கரைமண் இறுகியும் சற்றே இளகியும் இருக்கும். சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் அஞ்ச வேண்டும், அது காலணியின் அடிப்பாகத்தையும் துளைத்து ஏறும். ஓடும் தடத்தை முதல் நாள் மாலையே கூட்டிவிடுங்கள்.

400 மீட்டரை அளக்க ஓடுதளம் தேவையில்லை. 50 மீட்டர் நைலான் கயிற்றை எட்டு முறை பிடித்துக் கரையில் கல் நட்டால் முடிந்தது. வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் பாகக் கணக்கில் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) அளந்தே தந்துவிடுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் விடியுமுன் மீன் வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையில் இருட்டில் ஓடாதீர்கள். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சைக்கிளில் உடன் வந்தாலொழிய அந்தச் சாலை வேண்டாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து இன்டர்வல். இது ஏன் பலன் தருகிறது என்றால், இதயமும் நுரையீரலும் தம் உச்சத்தை ஒட்டி உழைக்கும் நிமிடங்கள்தாம் அவற்றை வளர்க்கின்றன. ஒரே மூச்சாக அந்த வேகத்தில் ஓடினால் நான்கைந்து நிமிடத்தில் நின்றுவிடுவோம். இடையிடையே இளைப்பாறி ஓடினால் அதே வேகத்தில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் சேர்த்துவிடலாம். 1930-களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் மருத்துவர் ரைண்டலும் இதை முறைப்படுத்தினார்கள்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180-ஐ ஒட்டி ஏறும்வரை ஓடுவது, 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடியே தம்மை உருவாக்கிக்கொண்டவர். நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் எதுவும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. கழுத்தில் விரல் வைத்து 10 வினாடிக்கு 20 துடிப்பு அல்லது அதற்குக் குறைவாக வந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள்.

தொடக்கத்தில் 200 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 68 முதல் 70 வினாடி, நடுவில் 200 மீட்டர் நடை. இரண்டு வாரம் கழித்து 400 மீட்டர் ஐந்து முறை, 2 நிமிடம் 20 வினாடி வீதம். பிறகு ஆறு முறை, 2 நிமிடம் 15. பதினோராம் பன்னிரண்டாம் வாரத்தில் 2 நிமிடம் 5 முதல் 10 வினாடி. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடத் தளர்ந்து போனால் அன்று வேகம் அதிகம் என்று பொருள். எண்ணிக்கையைக் கூட்டாமல் அடுத்த முறை வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரத்தின் இரண்டாவது வேக நாளில் 800 மீட்டரை மூன்று முறை, சிறிது மெதுவாக, ஓடலாம். மற்ற ஓட்ட நாட்கள் எல்லாம் மெதுவானவையே. அவற்றில் ஒன்றை மட்டும் 7, 8 கிலோமீட்டர் வரை நீட்டுங்கள். இரண்டு வேக நாட்களுக்கு நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்க வேண்டும்.

நான்கு நிமிட டபாட்டா பயிற்சியே போதும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1996-இல் வெளிவந்த அந்த ஜப்பானிய ஆய்வு நிலைச் சைக்கிளில் செய்யப்பட்டது. 20 வினாடி மிதித்து 10 வினாடி நிற்பதில் ஏழெட்டுச் சுற்றுக்குள் ஆள் ஓய்ந்துபோகும் அளவுக்குச் சுமை வைத்திருந்தார்கள், வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரச் சீரான பயிற்சியும் அதில் இருந்தது. வீட்டு முற்றத்தில் 20 வினாடி குதித்து 10 வினாடி நிற்பதை அதற்குச் சமமாகக் கொள்ள முடியாது. அதேபோல, மறுநாள் கால் கடுப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்பதும் தவறு. அது ஒரு மணி நேரத்துக்குள் உடலில் செலவாகிவிடும். கடுப்பு, தசைநார்களில் விழும் நுண்ணிய சிதைவால் வருவது.

உங்கள் பதினாறு வாரத்தில் பெரும்பகுதி கச்சான் காலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றை எதிர்த்து ஓடினால் 400 மீட்டருக்குப் பல வினாடி கூடும். அன்றைய நேரத்தைப் பார்த்து மனம் சோர வேண்டாம், எதிர்க்காற்றில் ஒன்று, காற்றோடு ஒன்று என்று மாற்றி ஓடிச் சராசரியைப் பாருங்கள். வெயிலைப் பொறுத்தவரை ஆறு மணிக்குள் தொடங்கி ஏழுக்குள் முடியுங்கள். வெப்பத்துக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். இந்தக் கரையில் வளர்ந்த உங்களுக்கு அது ஏற்கெனவே கைகூடியது, குளிர்ப் பகுதிகளிலிருந்து பரங்கிமலைக்கு வரும் உங்கள் தோழியர் அங்கே வந்துதான் அதைத் தொடங்குவார்கள். ஓடும் முன் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு, அதைவிடச் சிறந்த பானத்தை நான் கண்டதில்லை. தலைசுற்றல், குழப்பம், வெயிலிலும் குளிர் எடுப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குப் போய், தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். குழப்பம் தெளியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்டாலுக்கு வருகிறேன். முழங்காலை ஊன்றிச் செய்வதைவிட, கையை உயரமான இடத்தில் ஊன்றி உடம்பை நேராக வைத்துச் செய்வது மேல். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் விளிம்பு அதற்குப் பொருத்தமான உயரம். அங்கே 15 வந்ததும் திண்ணை, பிறகு படிக்கட்டு, பிறகு தரை என்று இறங்குங்கள். ஒரே நேரத்தில் ஓய்ந்து விழும்வரை செய்யாமல், உங்களால் முடிவதில் பாதி எண்ணிக்கையை ஒரு நாளில் ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் செய்தால் எண்ணிக்கை விரைவில் ஏறும். நெஞ்சு தரையை நெருங்க வேண்டும், இடுப்பு தொய்யக் கூடாது. உள்ளே உஸ்தாத் எண்ணும்போது அரைகுறையாகச் செய்தது கணக்கில் வராது.

உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கப்போவது பார்தான், அம்மா. ஓட்டத்தைவிட இதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆகையால் முதல் நாளே தொடங்க வேண்டும். இரண்டு பனங்கம்பங்களை ஆழ நட்டு நடுவில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டுங்கள். முதலில் தொங்குவது, 20 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை. அடுத்து, ஒரு பெட்டியின் மேல் ஏறித் தாடையைக் குழாய்க்கு மேலே வைத்துக்கொண்டு, ஐந்து வினாடி எண்ணியபடி மெதுவாக இறங்குவது. ஒரு நாளைக்கு நான்கைந்து இறக்கம், வாரம் மூன்று நாள். ஏறுவதற்கான பலத்தை இந்த இறக்கமே தரும். எட்டுப் பத்து வாரத்தில் முதல் பார் வந்தவர்களும் உண்டு, பதினாறு வாரமும் ஆனவர்களும் உண்டு. எடையையும் கையின் நீளத்தையும் பொறுத்து அது மாறும். கயிறு ஏறுவதற்கு வலைக்கயிறு உதவாது, மெல்லிய நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். விசைப்படகைக் கட்டும் தடித்த வடம் ஒரு துண்டு கிடைத்தால் வேப்பமரக் கிளையில் கட்டி, காலால் கயிற்றைப் பின்னிப் பூட்டும் முறையைப் பழகுங்கள். கயிற்றில் காலின் பங்கு பெரிது.

காலுக்குப் பஸ்கி, முன்னே அடியெடுத்து இறங்கும் லஞ்சு, இவற்றோடு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், நான் அதைத்தான் விடமாட்டேன். படியின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் 15 முறை, முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. ஓடும்போது தரையின் அதிர்வை வாங்கிக்கொள்வது கெண்டைக்காலின் உட்தசை. அது சீக்கிரம் சோர்ந்தால் அதன் சுமை எலும்பின் மேல் விழுகிறது.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பயிற்சி தொடங்குமுன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் எத்தனை இன்டர்வல் ஓடினாலும் நேரம் இறங்காது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, சாளை எல்லாம் நம் அடுப்படியிலேயே உள்ளவை. சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும். எடை குறைக்க வேண்டும் என்று இந்த மாதங்களில் பட்டினி கிடக்காதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சோறு இல்லாதபோது மாதவிலக்கு தள்ளிப்போகவோ நின்றுபோகவோ கூடும். அது எலும்பு மெலிந்துவருவதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அப்படி நேர்ந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். முன்கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவி, ஓடத் தொடங்கும்போது வலித்து, சூடேறியதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் அழற்சி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் தணியும். ஒரே புள்ளியில், ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில், ஓட ஓட வலி கூடி, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்றால், அது விரிசலாக இருக்கலாம். அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சாதாரணம், எனவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு திரும்ப ஓடாதீர்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஓடுமுன் நின்ற நிலையில் தசைகளை நீட்டுவது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஐந்து நிமிடம் மெல்ல ஓடிச் சூடேற்றுவதையே நான் கேட்கிறேன். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதி அனுபவத்தில் பிறந்தது, ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் நான் அதையொட்டியே போகிறேன், மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறைக்கிறேன். சிறுவயதில் வெறுங்காலில் ஓடிப் பழகியதை விட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பாதத்துக்கு நல்லதா கெட்டதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் உள்ளே பூட்ஸ் காத்திருக்கிறது. கடைசி நான்கு வாரத்தில் தடித்த காலுறையோடு பூட்ஸ் அணிந்து வாரம் இரண்டு நாள் நடங்கள். பூட்ஸோடு ஓடுவது அங்கே போனபிறகு ஆகட்டும்.

நீச்சல் தெரியுமா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கடற்கரையில் பிறந்த பெண்களில் நீந்தத் தெரியாதவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். அகாதெமி அடிப்படை நீச்சலை எதிர்பார்க்கிறது. உங்கள் பக்கத்துக் கடல் வெகுதூரம் இடுப்பளவுதான் என்பதால், சொறி (ஜெல்லிமீன்) மிதக்காத நாளாகப் பார்த்து, நன்றாக நீந்தத் தெரிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, முகத்தை நீரில் அமிழ்த்தி மூச்சுவிடுவதையும் மிதப்பதையும் பழகுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம், அங்கே நீரோட்டம் தேர்ந்த நீச்சல்காரரையும் இழுத்துவிடும்.

பதினான்காம் வாரத்தின் முடிவில் ஒரு முறை 2.4 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடி நேரம் எடுங்கள்; அதற்கு முன் நான்காம், ஒன்பதாம் வாரங்களில் எடுத்தால் போதும், வாராவாரம் அளப்பது உடம்பையும் மனத்தையும் களைக்கவைக்கும். கடைசிப் பத்து நாளில் வேக ஓட்டம் ஒரே ஒரு முறை, 400 மீட்டர் மூன்று. மற்றவை பாதி தூரம். தண்டாலும் பாரும் வழக்கம்போல் நடக்கட்டும், எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வார நேரம் கைக்கு வந்ததும், அன்று காற்று எப்படி இருந்தது, எந்தத் தரையில் ஓடினீர்கள், முன்காலில் வலி உண்டா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஐந்து வாரத்துக்கான 400 மீட்டர் வேகத்தை அதை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.